படகு பதில் சொல்லும்வரை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? அத்தானின் குறட்டை குறைந்ததா? இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும், மரியாதைக்காகக் கேட்டு வைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் படகை ஓட்டும் மாஸ்டர் இந்த வருடக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். நேற்று மேனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "வெளியாளைத் தேடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு தோணுச்சு. இத்தனை வருஷமா கயிறு பிடிக்கிறீங்களே, வீலைப் பிடிச்சா என்ன?" என்றார். அக்டோபரில் துறைமுக அதிகாரி வந்து படகில் ஏறுவாராம். அவர் முன்னால் இரண்டு கரையிலும் இடிக்காமல் படகைத் துறையோடு அணைத்துக் காட்டினால் சுக்கான் சக்கரம் எனக்கு. இல்லையென்றால் வெளியாள் வருவார், நான் பழையபடி கயிறு.

கயிறு இனிமேல் முடியாது அக்கா. வலது தோளைப் பார்த்த டாக்டர், இன்னும் ஒரு வருடம் இழுத்தால் தலைவாரச் சீப்பைக்கூடத் தூக்க முடியாது என்கிறார். அதனால் "சரி சார்" என்று வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு என்ன, அதுவா ஓட்டப்போகிறது?

படகுக்கு பிரேக் கிடையாது. இது எனக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் நேற்று முதல்முறையாகச் சக்கரத்தைப் பிடித்தபோதுதான் உண்மையில் தெரிந்தது. நீ அந்தப் பெரிய பஸ்ஸில் எதை நம்பி உட்கார்ந்திருக்கிறாய்? கையையா, பிரேக்கையா?

போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை. ஆகவே கடிதம்.

உன் தங்கை
பொடிசு

மார்ச் 19

பொடிசுக்கு அக்காவின் அன்பு.

முட்டி பரவாயில்லை. குறட்டையை இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களும் அனுபவிக்கிறார்கள்.

எழுத்து ஆடியிருந்தால் பொறுத்துக்கொள். கடைசி நிறுத்தத்தில் ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எஞ்சினை அணைத்தால் இந்தக் கிழட்டு வண்டி மறுபடி கிளம்ப மூக்கால் அழும், அதனால் அணைக்கவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, லவ் லெட்டரா?" என்கிறான். "ஆமாடா, உன் பெண்டாட்டிக்கு, உன்னைப் பத்தி" என்றேன். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

உனக்கு எதற்குப் பயம்? டிப்போ மைதானத்தில் நான் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது மறந்துவிட்டதா? அதையே செய். முன் மூலையின் மேல் கண்ணை வை. முன் மூலை தப்பிவிட்டால் பின்பக்கம் தாய்ப்பசுவின் பின்னால் கன்று வருவதுபோலத் தானாக வரும். சந்தேகம் வந்தால் அழுத்தமாகத் திருப்பு. ஓட்டுகிறவள் தயங்குகிறாள் என்று வண்டிக்குத் தெரியக்கூடாது.

கையையா பிரேக்கையா என்று கேட்டாய். இரண்டையும் இல்லை. தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் பார்ப்பேன். பின்னால் நாற்பது பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். அவ்வளவு பேர் நம்பித் தூங்கும்போது நான் ஒருத்தி எப்படிப் பயப்படுவது?

வெளியே தவறாமல் தொப்பி போட்டுக்கொள். ஏற்கெனவே கருவாடு மாதிரி இருக்கிறாய்.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். நீயும் அப்படித்தானே?

உன் கன்றுக்குட்டி தானாக வரவில்லை. சனிக்கிழமை காலை கரையை விட்டுக் கிளம்பினேன். படகின் இடதுபக்கம் துறையை ஒட்டி நின்றது. நீ சொன்னபடி முன் மூலையைப் பார்த்து, வலதுபக்கம் அழுத்தமாகத் திருப்பினேன். மூக்கு அழகாக விலகியது. எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை முடிவதற்குள் பின்னால் 'மடார்' என்றது. மூக்கு வலது பக்கம் போனபோது பின்பக்கம் இடது பக்கம் போய்த் துறையில் இடித்திருக்கிறது. மர விளிம்பு ஒரு சாண் பெயர்ந்துவிட்டது. முட்டைத் தட்டு வைத்திருந்த ஒருவர், "ஆம்லெட் போட நான் எப்பம்மா சொன்னேன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கன்னம் வலிக்க.

மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? "ம்." அவ்வளவுதான். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முந்தின நாள் பேப்பர் படிப்பவர். அவரிடமிருந்து 'ம்' வாங்குவதே பெரிய காரியம் என்கிறார் என்ஜின்காரர்.

மறுநாள் நான் சக்கரத்தைத் தொடவில்லை. பகல் முழுக்கப் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா, இத்தனை வருடம் இதே படகில் இருந்தும் இதை நான் பார்த்ததே இல்லை: படகு முன்னால் திரும்புவதில்லை. பின்னால்தான் திரும்புகிறது. சுக்கான் பின்பக்கத்தை ஒரு பக்கம் தள்ளுகிறது, அதனால் மூக்கு மறுபக்கம் போகிறது. பஸ்ஸில் நீ முன்னால் உட்கார்ந்து பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு போகிறாய். நான் பின்பக்கத்தை வீசி முன்பக்கத்தைக் காட்டுகிறேன். ஆக, நீ எனக்குச் சொன்ன பாடம் சுத்தமாகத் தலைகீழ்!

பஸ்ஸின் பின்பக்கம் எப்போதாவது இப்படித் தன்னிஷ்டத்துக்குப் போகுமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பொடிசு

மே 2

அக்கா,

நலம்தானே? பதில் இல்லை. தபால்காரர் மேல் பழி போடலாம் என்று பார்த்தால், கரண்ட் பில்லை மட்டும் சரியாகக் கொண்டுவருகிறார்.

இங்கே புதிய தொல்லை. பின்பக்கம் புரிந்துவிட்டது, இடிப்பதில்லை. ஆனால் நேராகப் போக வரவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்புகிறேன், படகு அசையாமல் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் திருப்புகிறேன். அப்போதும் சும்மா இருக்கிறது. மூன்றாம் முறை திருப்பியதும் மூன்றையும் சேர்த்து ஒரேயடியாகத் திரும்புகிறது. அதைச் சரிசெய்ய மறுபக்கம் திருப்பினால் அதே கதை. திரும்பிப் பார்த்தால் பின்னால் நுரைக் கோடு பாம்பு போன வழி மாதிரி நெளிந்து கிடக்கிறது. தினமும் வரும் பள்ளிக்கூட டீச்சர், "அக்கரைக்கு இன்னைக்கு ரெண்டு தடவை டிக்கெட் வாங்கணுமா?" என்று கேட்கிறார்.

நீ சொல். கை கெட்டியாக இல்லையா? அல்லது அதிகக் கெட்டியா?

பொடிசு

மே 11

அக்கா,

கோபமா? உன் பாடம் தலைகீழ் என்று எழுதியதற்கா? அப்படியென்றால் அந்த வரியை அடித்துவிட்டுப் படி. உடம்புக்கு ஏதாவதா? முட்டியா? அத்தானுக்கா? போன் செய்தேன், அத்தான் எடுத்து, "நல்லாத்தான் இருக்கா, தூங்கறா" என்றார். பகல் பதினொரு மணிக்கு நீ எதற்குத் தூங்குகிறாய்? எழுது. ஒரு வரியாவது எழுது.

பொடிசு

ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. கோபம் எதுவும் இல்லை. வீட்டில் எல்லோரும் நலம். மழை தொடங்கிவிட்டது.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். பின்பக்கம் பற்றி நீ எழுதியது சரி. பஸ்ஸிலும் சில சமயம் போகும் என்று சொல்வார்கள்.

துறையில் இடித்தாயே, அதற்கு மறுநாள் பின்னால் நின்றேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த நாள்? சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றபோது கை எப்படி இருந்தது? உடனே பிடித்தாயா? யாராவது வற்புறுத்தினார்களா? சும்மாதான் கேட்கிறேன். விவரமாக எழுது.

தொப்பியை மறக்காதே.

அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் இங்கே எனக்குச் சோறு இறங்கியது. கையெழுத்து இந்தமுறை அச்சடித்த மாதிரி இருக்கிறது. கண்ணாடி போடாமலே படித்தேன்.

மறுநாளைக்கு மறுநாள் என்ன ஆயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நீதான் கேட்டாய், ஆகவே சொல்கிறேன். சக்கரத்தின் முன்னால் நின்றேன். கை போகவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ மேற்பார்வை பார்க்க வந்தவள் மாதிரி நின்றேன். மாஸ்டர் பேப்பரை மடித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தானே ஓட்டினார். மத்தியானம் பயணிகள் எல்லோரும் இறங்கி, படகு துறையில் கட்டிக் கிடந்தபோது போய்ச் சக்கரத்தைப் பிடித்தேன். கயிற்றை அவிழ்க்கவில்லை. கட்டிய படகை எவ்வளவு திருப்பினாலும் யாருக்கும் எதுவும் ஆகாதில்லையா? இந்தக் கோடி வரை, அந்தக் கோடி வரை. துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், "எந்த ஊருக்கும்மா போறீங்க?" என்றார். "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றேன். நாலு நாள் அப்படியே கட்டிய படகை ஓட்டினேன். ஐந்தாம் நாள் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.

இப்போது நல்ல செய்தி. பாம்பு செத்தது. எப்படி என்று கேள். போன வாரம் நடு ஆற்றில் சக்கரத்தை ஒரு பிடி திருப்பினேன். வழக்கம்போலப் படகு அசையவில்லை. இன்னொரு பிடி திருப்பக் கையை எடுத்தேன், தும்மல் வந்துவிட்டது. ஒன்றில்லை, வரிசையாக வந்தது. கண்ணீரும் மூக்குமாக நின்றுவிட்டேன், சக்கரத்தைத் தொடவே முடியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், படகு எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு திரும்பி, சமர்த்தாகப் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் சொன்னதே அதற்குக் கேட்டிருக்கிறது. பதில் சொல்ல நேரம்தான் வேண்டியிருந்தது. நான்தான் அது வாயைத் திறப்பதற்குள் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாஸ்டர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உன் தும்மலுக்குத்தான் லைசென்ஸ் கொடுக்கணும்" என்றார். 'ம்' தவிர அவர் பேசிய முதல் வாக்கியம்.

பொடிசு

ஜூலை 20

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தும்மல் கதையைப் படித்து அத்தான் சிரித்த சிரிப்பில் காபி மேஜை விரிப்பில் போய்விட்டது.

மழை விடவில்லை. மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்கிறது, மேலே கல்லை வைத்து எழுதுகிறேன். இங்கே ஒரு பூனை இருக்கிறது. காலையில் வந்து மைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்தால் மாலை வரை எழுந்திருக்காது.

இன்னும் இரண்டு கேள்வி. படகின் பின்பக்கம் விலகுவது முதலில் உனக்கு எங்கே தெரிகிறது? கண்ணிலா, கையிலா, முதுகிலா? அது விலகத் தொடங்கிய பிறகு நீ எதுவும் செய்யாமல் இருப்பது சாத்தியமா? சும்மா இருக்க எப்படி முடிகிறது?

தேர்வுக்கு நன்றாகத் தயாராகு. தோளைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

நீ கேட்ட இரண்டுக்கும் பதில்: முதலில் குதிகாலில் தெரிகிறது. சும்மா இருப்பது கஷ்டம், ஆனால் முடியும்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. உன் கையெழுத்து ஏன் இப்போதெல்லாம் இவ்வளவு நேராக இருக்கிறது?

பொடிசு

அக்டோபர் 2

பொடிசுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. இந்தமுறை அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பதில் வராவிட்டால் நீ வாரத்துக்கு ஒன்று போடுகிறவள். "கோபமா, காய்ச்சலா, அத்தானா" என்று கிளம்பியிருப்பாய். அப்படி ஒன்று வந்திருந்தால், "எல்லாரும் நலம், மழை பெய்கிறது" என்று எழுதி முடித்திருப்பேன். ஒன்றும் வரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் மேஜை மேல் கிடந்தது. பூனை அதன் மேல் படுத்துத் தூங்கியது.

ஆமாம், மேஜை. மே மாதத்திலிருந்து எனக்கு மேஜை வேலை. டிப்போவில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று சொல்கிறேன். குரல் நன்றாக இருக்கிறதாம்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் கோடை மழை. மலைச்சரிவு வளைவில் இறங்கும்போது பின்பக்கம் போய்விட்டது பொடிசு. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பஸ்ஸின் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குப் போகுமா என்று கேட்டிருந்தாயே, அந்தக் கடிதம். நான் அழுத்தமாகத் திருப்பினேன். கேட்கவில்லை. இன்னும் திருப்பினேன். மூன்றாவது முறை வண்டி மொத்தமாகச் சுழன்று, பின்பக்கம் ஒரு சுவரில் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு குடை உடைந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தேன். எல்லோரும் விழித்திருந்தார்கள். நாற்பது முகமும் என்னையே பார்த்தன.

மறுநாள் போய் ஏறி உட்கார்ந்தேன். கை மடியை விட்டு எழவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்தான், இறங்கிப் போய் வேறு டிரைவரைக் கூட்டிவந்தான். பிறகு நானே மேஜை கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்கு எப்படி எழுதுவது? தயங்காதே, அழுத்தமாகத் திருப்பு என்று பாடம் எடுத்தவள் நான். நீ ஒவ்வொரு கடிதத்திலும் தேறிக்கொண்டே போனாய். எனக்குச் சந்தோஷம், கூடவே வேறு ஏதோ ஒன்றும். அதற்குப் பெயர் வைக்கவில்லை.

உன் ஜூன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். போன வாரம் மத்தியானம், எல்லா பஸ்ஸும் வெளியே போயிருந்தபோது, என் கிழட்டு வண்டி ரிப்பேருக்காகச் சக்கரத்துக்குக் கல் வைத்து நின்றது. போய் உட்கார்ந்தேன். இந்தக் கோடி வரை திருப்பினேன். அந்தக் கோடி வரை திருப்பினேன். மெக்கானிக் தலையை நீட்டி, "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்றான். உன் பதிலையே சொன்னேன்.

மற்றபடி நலம். உன் தேர்வு என்ன ஆயிற்று?

அக்கா

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் நலமாகிக்கொண்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸைப் பற்றி நான் உனக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. எனக்கு என்ன தெரியும்? நீ படகைப் பற்றிச் சொன்னதையும் பார்த்தோமே. ஆனால் கேட்க ஆசை. கல் வைத்த வண்டியில் உட்கார்ந்தபோது முதலில் எது எழுந்தது, வலது கையா, இடது கையா? எனக்கு இடது.

தேர்வு ஒன்றாம் தேதியே நடந்தது. அதிகாரி ஒல்லியானவர், மடித்த குடையோடு ஏறினார். அன்று பார்த்து நல்ல காற்று. இக்கரை சுலபம். படகின் இடதுபக்கம் துறையில் ஒட்ட வேண்டும், போய் ஒட்டிக்கொண்டது. அக்கரையில் வலதுபக்கம் ஒட்ட வேண்டும். எங்கள் படகுக்கு ஒரு குணம், நிறுத்துவதற்காக என்ஜினைப் பின்னோக்கி ஓட்டினால் பின்பக்கம் இடது பக்கம் ஒதுங்கிவிடும். அதாவது அங்கே துறையை விட்டு விலகிப்போகும். காற்றும் அதே பக்கம் தள்ளியது. துறை நெருங்கும்போது குதிகாலில் தெரிந்துவிட்டது, இது சரியாக வராது என்று. முன்பென்றால் இன்னும் திருப்பியிருப்பேன், இன்னும், இன்னும். பெஞ்சில் டீச்சர் இருந்தார். முட்டைக்காரர்கூட இருந்தார், தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"சார், இது சரியா வரலை. வெளியே போய் மறுபடி வரேன்" என்றேன்.

"பயமா இருக்காம்மா?" என்றார்.

"இருக்கு சார். அதனாலதான் அவசரப்படலை."

ஆற்றுக்குள் ஒரு சுற்று போய் வந்தேன். இரண்டாம் முறை இன்னும் மேலே போய், கரையை ஒட்டி வந்தேன். சக்கரத்தை ஒரு பிடி திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினேன். அதிகாரி என் கையைப் பார்த்தார், பிறகு துறையைப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார். "சொல்லியாச்சு சார். இனி அதுதான் கேக்கணும்" என்றேன். கேட்டது. துறையில் கட்டியிருந்த டயரில் உரசி, மெத்தையில் உட்காருகிற மாதிரி நின்றது. கயிற்றை வீசியது யார் தெரியுமா? மாஸ்டர். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு.

அதிகாரி இறங்கும்போது மேனேஜரிடம், "முதல் தடவையே இவங்க ஒட்டியிருந்தா எனக்குச் சந்தேகம் இருந்திருக்கும்" என்றாராம். சக்கரம் எனக்கு. ஜனவரியிலிருந்து. உனக்கு முதலில் எழுதத்தான் கை துடித்தது. ஆனால் என் கேள்விக்குப் பதில் வராமல் இன்னொன்று எழுதக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன். தேர்வைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கடிதத்துக்கு அவசரமில்லை.

உன் பொடிசு

டிசம்பர் 14

பொடிசு,

வலது கை.

நீ ஜெயித்ததை அத்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். தான்தான் ஓட்டியதுபோல. எல்லோரும் நலம், முட்டியைத் தவிர.

கல் வைத்த வண்டி, பிறகு கல் எடுத்த வண்டி, பிறகு மழை ஈரத்தில் காலி மைதானத்தில் வட்டம். பின்பக்கம் ஒருமுறை விலகியது. நான் கொஞ்சமே திருப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்று எழுத ஒரு நொடிதான் ஆகிறது. அங்கே அது ஒரு வருடம்போல இருந்தது. வண்டி நேரானது.

பயணிகளோடு இன்றுதான் முதல் நடை. மலைச்சரிவு வளைவுக்கு முன்னால் கண்டக்டர் வந்து என் பக்கத்தில் நின்றான். "என்னடா, டிக்கெட் கிழிக்கலையா?" என்றேன். "எல்லாம் கிழிச்சாச்சு. காத்து வாங்க வந்தேன்" என்றான். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வளைவில் மெதுவாகப் போனேன், பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுகிற அளவுக்கு. இறங்கி முடித்ததும்தான் கண்ணாடியைப் பார்த்தேன். பாதிப் பேர் விழித்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள், கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். கடைசி நிறுத்தம் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எழுப்பாதே என்று கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

எழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொள். எஞ்சினை அணைக்கவில்லை.

அக்கா